கல்லடி ஆச்சிரமமா, ஊர்க் கோயிலா?

தொண்டு செய்துகொண்டே தனக்கு ஏற்ற ஆன்மிகச் சாதனையைத் தேடுகிறவருக்கு மட்டக்களப்பில் இரண்டு வழி உண்டு: கல்லடி இராமகிருஷ்ண மிஷன், அல்லது ஊர்க் கோயில்.

மிஷனில் நேரம் உங்களுடையது அல்ல. மாலை ஆரத்தியில் விவேகானந்தர் இயற்றிய ‘கண்டன பவ பந்தன’ பாடும்போது எல்லோரோடும் உட்கார வேண்டும். ஆனால் உள்ளுக்குள் வேறு கதை. முருகனோ, காளியோ, உருவமற்றதோ, உங்கள் இஷ்ட தெய்வத்தை மாற்றச் சொல்ல மாட்டார்கள். மந்திரம் மட்டும் தீட்சையில்தான். அதற்கென அதிகாரம் பெற்ற மூத்த சுவாமிகள்தான் தருவார்கள், அவசரப்பட்டால் நடக்காது. தியானத்தில் மனம் நிற்கவில்லை, வேலைதான் சரி என்பவருக்குக் கர்மயோகம் இருக்கிறது. துறவியான பின்னும் பள்ளிக்கூடங்களுக்காக அலைந்தவர்தானே காரைதீவு விபுலாநந்தர்! 1929இல் அவர் தொடங்கிய சிவானந்த வித்தியாலயமும் கல்லடியில்தான்.

ஊர்க் கோயிலில் உங்கள் சாதனையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு போனால் போதும். அப்புறம் திருவிழா வந்தால் எந்த நாள் எந்தக் குடிக்கு, அதாவது எந்தத் தாய்வழிக் குலத்துக்கு, என்று வழமை இருக்கும், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரைக் கேட்காமல் எதுவும் அசையாது. வெளியூர்க்காரருக்கு அன்னதானப் பந்தியில் தண்ணீர் ஊற்றும் வேலைதான் பெரும்பாலும் கிடைக்கும். மண்டூர் முருகன் கோயிலிலோ பூசகர் வாயைத் துணியால் கட்டித் திரைக்குப் பின்னால் பூசை நடக்கிறது. மந்திரம் காதில் விழாது, அவரவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொள்ளலாம்.

வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால் நான் கல்லடியைத்தான் சொல்வேன். முதலில் ஆரத்திக்கு மட்டும் போய்ப் பாருங்கள், தொண்டு பற்றிப் பிறகு கேட்கலாம்.