யாஸ்னயா போல்யானா: டால்ஸ்டாயின் வீட்டைக் காணச் செல்வோருக்கு

மாஸ்கோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், தூலா நகரை அடுத்துள்ள யாஸ்னயா போல்யானா பண்ணை, 1921 முதல் லியோ டால்ஸ்டாயின் நினைவு அருங்காட்சியகமாகப் பேணப்பட்டு வருகிறது. வெள்ளைத் தூண்கோபுரங்கள் நிற்கும் வாயிலைக் கடந்து, பிர்ச் மரங்கள் வரிசையாக நிற்கும் சாலையில் ஏறிச் செல்பவர், அதன் முடிவில் ஒரு பிரபுவின் மாளிகையை எதிர்பார்க்கக் கூடாது. டால்ஸ்டாய் பிறந்த பெரிய வீட்டை இளமையிலேயே அவர் விற்றுவிட்டார். வாங்கியவர் அதைப் பிரித்தெடுத்துப் போனார். அந்த இடத்தில் இன்று ஒரு கல் மட்டுமே இருக்கிறது. நாம் காண்பது, எஞ்சிய பக்கக் கட்டடத்தை விரிவாக்கி அவர் குடும்பம் நடத்திய வீடு.

1910இல் அவர் நீங்கிச் சென்றபோது இருந்த நிலையிலேயே அறைகளை வைத்திருக்கிறார்கள். கண்ணாடி அணியாமல் எழுதுவதற்காக, கிட்டப்பார்வை கொண்ட அவர் பயன்படுத்திய தாழ்வான நாற்காலியையும், கடைசி நாள்களில் வாசித்த, தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமாசவ் சகோதரர்கள்’ நாவலையும் பார்த்தபோது, அவர் சற்றுமுன்தான் எழுந்து போனார் என்று தோன்றியது. 1941இல் ஜெர்மானியப் படை இவ்வீட்டில் தங்கி, பின்வாங்கும்போது தீ வைத்தும், முன்கூட்டியே பொருள்களை அப்புறப்படுத்தியிருந்ததால் இவை தப்பின. அதற்காக உழைத்தவர்களுக்கு வாசகர்கள் என்றும் கடன்பட்டவர்கள்.

ஏறத்தாழ 22,000 நூல்கள் கொண்ட நூலகத்தின் முன் நான் நெடுநேரம் நின்றேன். 1908இல் ஓர் இந்தியருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் திருக்குறளின் ‘இன்னா செய்யாமை’ அதிகாரத்தை அவர் எடுத்தாண்டதும், அக்கடிதத்தைத் தென்னாப்பிரிக்காவில் காந்தி வெளியிட்டதும் நினைவுக்கு வந்தன. போர்க்களத்தைக் கண்ட டால்ஸ்டாய் வன்முறையை முற்றாக மறுக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்த வழியில் நம் குறளும் இருந்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கல்லறை காட்டுக்குள், பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருக்கிறது. எல்லா மனிதரையும் மகிழ்விக்கும் இரகசியம் எழுதிய பச்சைக் குச்சி அங்கே புதைந்திருப்பதாகச் சிறுவயதில் அண்ணன் நிகோலாய் சொன்ன கதையை நினைவில் வைத்தே, தம்மை அங்கு அடக்கம் செய்யச் சொன்னார். சிலுவையோ பெயரோ இல்லாத புல் மேடு அது. என்னை அழைத்துச் சென்ற பயண நிறுவனம் மூன்று மணி நேரமே ஒதுக்கியிருந்ததால், அங்கே பத்து நிமிடங்கள்தான் நிற்க முடிந்தது. செல்பவர்கள் ஒரு முழுப் பகலை ஒதுக்கிக்கொள்வது நல்லது.