கார்டு பாயிண்டில் ஊர்ப் பயணம்: மைலாக மாற்றுவதில் எது எங்கே சிக்கும்

கிரெடிட் கார்டில் சேர்ந்த பாயிண்டை விமான மைலாக மாற்றுவது ஒருவழிப் பாதை. மாற்றிய பிறகு வங்கியில் யாரிடம் கேட்டாலும் திரும்ப வராது. எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தாலும் மைல் போய்ச் சேருவது விமான நிறுவனத்தில் உள்ள உங்கள் மைல் கணக்குக்குத்தான், வங்கிக்கு அல்ல. வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதலில் பாயிண்டை மாற்றிவிடுகிறார்கள், பிறகு உட்கார்ந்து சீட் தேடுகிறார்கள். விடுமுறைத் தேதிக்குச் சீட் இல்லை என்றால் அந்த மைல் அங்கேயே கிடக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைலாக இருந்தால் 36 மாதத்தில் காலாவதியாகிவிடும். சீட்டைக் கண்ணால் பார்த்து, பெயர்களைச் சரிபார்த்து, அதன் பிறகே மாற்ற வேண்டும்.

இதில் மூன்று தரப்பு உண்டு. பாயிண்ட் தருவது வங்கி. மைல் கணக்கு வைத்திருப்பதும் டிக்கெட் வெளியிடுவதும் ஒரு விமான நிறுவனத்தின் மைலேஜ் திட்டம். ஆளை ஏற்றிக்கொண்டு பறப்பது பல சமயம் இன்னொரு விமான நிறுவனம். ஏர் இந்தியாவில் பறக்கும் டிக்கெட்டை ஏர் கனடாவின் ஏரோபிளானிலோ யுனைடெட்டின் மைலேஜ்பிளஸிலோ எடுக்க முடியும், ஏனென்றால் ஏர் இந்தியா 2014 முதல் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருக்கிறது. சேவையில் வரும் குளறுபடிகளில் பெரும்பாலானவை இந்த மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டும் இடத்தில்தான் வருகின்றன. எந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

சீட் தேடுவதிலிருந்து தொடங்குவோம். கிரிஸ்ஃபிளையர், பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஏரோபிளான் ஆகியவை பயணத் தேதிக்கு 355 நாள் முன்பு மைல் சீட்டுகளைத் திறக்கின்றன. யுனைடெட் 337 நாள் முன்பு. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இந்த நாள்தான் முக்கியம். ஜூன், ஜூலை, டிசம்பர் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பு தேடினால் குறைந்த மைல் சீட் அநேகமாக இருக்காது. நான்கு பேருக்குத் தேடும்போது அந்த வகையில் நான்கு சீட்டும் இருந்தால்தான் விமானமே காட்டப்படும். மூன்று மட்டும் இருந்தால் "சீட் இல்லை" என்று வந்துவிடும், அல்லது நால்வருக்கும் கூடுதல் மைல் கேட்கும். அதனால் முதலில் ஒருவருக்குத் தேடுங்கள், பிறகு இரண்டு, மூன்று என்று கூட்டுங்கள். பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒருவருமாக இரண்டு புக்கிங்காகப் பிரித்து எடுப்பது பல நேரம் கைகொடுக்கும். ஆனால் ஒரு விமானம் ரத்தானால் இரண்டு புக்கிங்கும் தனித்தனியாகத்தான் மாற்றப்படும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பிரித்து எடுங்கள்.

பொய்யாகத் தெரியும் சீட் ஒரு பெரிய தலைவலி. கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில் சீட் இருப்பதாகத் திரையில் வரும், பணம் கட்டும் பக்கத்தில் பிழை காட்டும். இரண்டு நிறுவனங்களின் கணினிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததுதான் காரணம். பாயிண்டை மாற்றும் முன் அதே விமானத்தை அதே அலையன்ஸில் உள்ள இன்னொரு திட்டத்தின் தளத்திலும் தேடிப் பாருங்கள். ஏர் இந்தியா சீட் என்றால் ஏரோபிளான், யுனைடெட் இரண்டிலும் தெரிய வேண்டும். ஏதாவது ஒன்றில் தெரியாவிட்டாலும், டிக்கெட் எடுக்கப்போகும் திட்டத்துக்குப் போன் செய்து விமான எண்ணையும் தேதியையும் சொல்லி, "இந்த சீட்டை உங்களால் புக் செய்ய முடிகிறதா" என்று கேட்டுவிடுங்கள். மைல் கணக்கில் இல்லாமலே இதைக் கேட்கலாம்.

ஒரே சீட்டுக்கு எந்தத் திட்டம் என்பதில் மைல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது, கையிலிருந்து கட்டும் பணத்தையும் பார்க்க வேண்டும். யுனைடெட்டும் ஏரோபிளானும் மைல் டிக்கெட்டில் எரிபொருள் கூடுதல் கட்டணத்தைச் சேர்ப்பதில்லை. ஏரோபிளானில் கூட்டாளி விமானத்துக்கு 39 கனடிய டாலர் புக்கிங் கட்டணம் உண்டு. கிரிஸ்ஃபிளையரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சொந்த விமானத்துக்கு இந்தக் கூடுதல் கட்டணம் இல்லை, கூட்டாளி விமானத்துக்கு வரலாம். பிரிட்டிஷ் ஏர்வேஸில் இந்தத் தொகை கனமாகவே இருக்கும். அதோடு பிரிட்டனிலிருந்து கிளம்பும் பயணத்துக்கு அந்நாட்டு அரசின் விமானப் பயணி வரியும் சேரும், மேல் வகுப்பில் அது இன்னும் அதிகம்.

கணக்கு எளிது. ரொக்க டிக்கெட் விலையிலிருந்து, மைல் டிக்கெட்டுக்குக் கட்ட வேண்டிய வரி, கட்டணத்தைக் கழித்து, வருவதை மைல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ரொக்க விலை 1,200 டாலர், வரி 200 டாலர், மைல் 50,000 என்று வைத்துக்கொண்டால் ஒரு மைலுக்கு 2 சென்ட். வரி 600 டாலர் ஆனால் அதே மைலுக்கு 1.2 சென்ட்தான். அதே பாயிண்டை வங்கி ஒரு சென்டுக்குப் பணமாகத் தருமானால், பின்னதில் உங்களுக்கு மிஞ்சுவது மிகக் குறைவு. சீசன் இல்லாத மாதங்களில் எக்கானமி டிக்கெட்டைக் காசு கொடுத்தே வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து. பாயிண்டை விடுமுறை நெரிசலுக்கும், கால் நீட்டிப் படுத்து வர வேண்டிய வயதான பெற்றோரின் பிசினஸ் வகுப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏவியோஸ் என்ற வகை மைல் சேர்க்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் ஏர்வேஸ், ஐபீரியா, ஃபின்ஏர் எல்லாம் இதே நாணயத்தைப் பயன்படுத்துகின்றன. கத்தார் 2022-இல் இதற்கு மாறியது. கணக்குகளை இணைத்துவிட்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கட்டணம் இல்லாமல் நகர்த்தலாம். உங்கள் வங்கி கத்தாருக்கு நேராக மாற்றாவிட்டாலும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வழியாகப் போய்விடலாம். திருச்சி, மதுரை வரை நேராக இறங்க விரும்புகிறவர்கள் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸையும் ஏவியோஸில் தேடிப் பாருங்கள். அது 2014 முதல், பிரிட்டிஷ் ஏர்வேஸ் உள்ள ஒன்வேர்ல்ட் கூட்டணியில் இருக்கிறது. பலர் சென்னையோடு தேடலை நிறுத்திவிடுகிறார்கள்.

அடுத்தது பெயர். தமிழர்களுக்கு இது தனி அத்தியாயம். பாஸ்போர்ட்டில் பெயர் குமரன், குடும்பப் பெயர் முருகேசன். வங்கியில் எம் குமரன். மைலேஜ் கணக்கில் முருகேசன் குமரன். மனிதருக்கு இது மூன்றும் ஒருவர்தான், கணினிக்கு மூன்று பேர். பாயிண்ட் மாற்றும்போது வங்கிப் பெயரும் மைலேஜ் கணக்குப் பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் மாற்றல் நிராகரிக்கப்படும், இல்லையென்றால் இரண்டு பக்கமும் இல்லாமல் நாள் கணக்கில் தொங்கும். அதற்குள் சீட் போய்விடும். மைலேஜ் கணக்கைத் தொடங்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து பதியுங்கள். பிறகு வங்கியில் உங்கள் பெயரை இனிஷியல் விரித்து அதற்கேற்ப மாற்றுங்கள். பெயர் திருத்தத்துக்குப் பாஸ்போர்ட் நகல் அனுப்பிக் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆகவே இது சீட் தேடும் வாரத்தில் செய்யும் வேலை அல்ல, அதற்குப் பல வாரம் முன்பே முடித்துவிட வேண்டியது.

குடும்பப் பெயர்ப் பகுதி காலியாக இருக்கும் பாஸ்போர்ட் என்றால் இன்னும் கவனம். சில நிறுவனங்கள் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்கின்றன, சில எஃப்என்யூ (FNU, 'முதல் பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம்) என்று போடச் சொல்கின்றன. நீங்களே ஊகித்து நிரப்பாதீர்கள். டிக்கெட் வெளியிடும் திட்டத்திடமும் பறக்கும் நிறுவனத்திடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சாட்டில் கேட்டால் அதன் படமே சான்று.

ஊரிலிருக்கும் அப்பா அம்மாவுக்கு உங்கள் மைலில் டிக்கெட் எடுக்கலாம். அதற்காக அவர்கள் பெயரில் கணக்கு திறந்து பாயிண்டை அங்கே அனுப்ப வேண்டியதில்லை, பல வங்கிகள் அப்படி அனுப்ப விடுவதும் இல்லை. உங்கள் கணக்கிலிருந்தே அவர்கள் பெயரில் எடுப்பதுதான் முறை. கிரிஸ்ஃபிளையரில் அப்படி எடுக்க முதலில் அவர்களை நாமினியாக, அதாவது உங்கள் மைலில் பறக்கலாம் என்று பதிந்த நபராகச் சேர்க்க வேண்டும், ஐந்து பேர் வரைதான் இடம். அதில் கணவர், மனைவி, பிள்ளைகள், இரு பக்கப் பெற்றோர் என்று கணக்குப் போட்டால் உடனே நிரம்பிவிடும். யாரைச் சேர்ப்பது என்று யோசித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கும் திட்டத்துக்குத் திட்டம் வேறுபாடு உண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் பெரியவருக்கான ஏவியோஸில் 10 சதவீதம் வாங்குகிறது. சில திட்டங்கள் ரொக்கக் கட்டணத்தில் 10 சதவீதம் கேட்கும். பிசினஸ் வகுப்பில் அந்தப் பத்து சதவீதமே ஒரு எக்கானமி டிக்கெட் அளவுக்கு வந்துவிடும்.

இனி மாற்றல். அமெரிக்காவில் சேஸ் வங்கி 1,000-இன் மடங்குகளில், ஒன்றுக்கு ஒன்றாக மாற்றுகிறது. ஏரோபிளான், ஏவியோஸ் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் அந்த நிமிடமே போய்விடும், கிரிஸ்ஃபிளையருக்கு ஓரிரு நாள் ஆகலாம். அமெரிக்க நிறுவனங்களின் மைலுக்கு மாற்றினால் அமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) ஒரு பாயிண்டுக்கு 0.06 சென்ட் கட்டணம் வாங்கும், உச்சவரம்பு 99 டாலர். சிங்கப்பூர் வங்கிகள் பலவும் 10,000 மைல் கொண்ட தொகுதிகளாகத்தான் மாற்றும், ஒவ்வொரு முறைக்கும் 27.25 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிடிக்கும். அங்கே சில்லறையாக நான்கு முறை மாற்றுவதைவிட ஒரே முறை மாற்றுவது லாபம். மாற்றும் விகிதத்தையும் அன்றைக்கே வங்கியின் பக்கத்தில் பாருங்கள், கார்டுக்குக் கார்டு மாறும். எப்போதாவது 20, 30 சதவீதம் கூடுதல் மைல் தரும் சலுகை வரும். சீட் கண்முன் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். சீட் இல்லாமல் சலுகைக்காக மட்டும் மாற்ற வேண்டாம்.

மாற்றலை ஊருக்குக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். ஊருக்கு வந்தபின் திரும்பும் டிக்கெட்டுக்குப் பாயிண்ட் மாற்றலாம் என்று நினைத்தால் ஓடிபியில் போய் நிற்கும். வெளிநாட்டு சிம் ரோமிங்கில் இல்லையென்றால் எஸ்எம்எஸ் வராது. சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு ஊர் சிம் போட்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். புதிய நாட்டிலிருந்து உள்நுழைந்து உடனே பெரிய தொகை பாயிண்டை மாற்றினால் வங்கியின் பாதுகாப்பு அமைப்பு கணக்கையே பூட்டிவிடக்கூடும். இரண்டு சிம் போடும் போனில் வெளிநாட்டு எண்ணை எஸ்எம்எஸுக்காக உயிரோடு வைத்து, டேட்டாவுக்கு மட்டும் ஊர் சிம்மை வைத்துக்கொள்ளுங்கள். வங்கி ஆப்பிலேயே ஒப்புதல் தரும் வசதி இருந்தால் கிளம்பும் முன் அந்தப் போனைப் பதிவு செய்துவிடுங்கள்.

டிக்கெட் கைக்கு வந்ததும் மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கூட்டாளி விமானம் என்றால் இரண்டு பிஎன்ஆர் (புக்கிங் எண்) இருக்கும்: மைல் திட்டத்தின் எண் ஒன்று, பறக்கும் நிறுவனத்தின் எண் இன்னொன்று. இரண்டாவதைக் கேட்டு வாங்கி, பறக்கும் நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். பெயர், விமானம், 13 இலக்க டிக்கெட் எண் மூன்றும் தெரிய வேண்டும். புக்கிங் தெரிந்து டிக்கெட் எண் இல்லையென்றால் சீட் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது, டிக்கெட் இன்னும் வெளியாகவில்லை என்று பொருள். அப்படியே விமான நிலையம் போனால் ஏற்ற மாட்டார்கள். பிறகு விமான நேரம் மாறும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பப் பாருங்கள். நேர மாற்றத்துக்குப் பிறகு டிக்கெட் புதுப்பிக்கப்படாமல் விட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது.

அந்த 13 இலக்கத்தில் முதல் மூன்று, டிக்கெட் யாருடையது என்று சொல்லிவிடும். 016 யுனைடெட், 014 ஏர் கனடா, 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 125 பிரிட்டிஷ் ஏர்வேஸ், 157 கத்தார், 098 ஏர் இந்தியா. ஏர் இந்தியாவில் பறக்கும் டிக்கெட் 014-இல் தொடங்கினால், திரும்பும் தேதியை உங்கள் விருப்பத்துக்கு மாற்ற ஏர் இந்தியா அலுவலகத்தில் வரிசையில் நின்று பயனில்லை. ஏர் கனடாவின் ஏரோபிளானுக்குத்தான் பேச வேண்டும். கவுண்டரில் இருப்பவர் "எங்களால் முடியாது" என்று சொன்னால் அது அலட்சியம் அல்ல, அவர் திரையில் அந்த உரிமை இல்லை. ஆனால் பயண நாளன்று விமானம் ரத்தானாலோ தாமதத்தால் அடுத்த விமானம் தவறினாலோ மாற்று ஏற்பாடு செய்ய வேண்டியது பறக்கும் நிறுவனம்தான். அப்போது மைல் திட்டத்துக்குப் போகச் சொல்லிக் கைவிரித்தால் ஏற்காதீர்கள். டிக்கெட் எண்ணைக் காட்டி, கண்காணிப்பாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

மைல் திட்டத்துக்குப் பேசும் எண்ணையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கட்டணமில்லா எண்கள் இந்தியாவிலிருந்து பெரும்பாலும் இணையாது. அந்தத் திட்டத்தின் இந்திய எண், வெளிநாட்டிலிருந்து அழைக்கும் எண், ஆப்பில் உள்ள சாட் ஆகிய மூன்றில் எது இருக்கிறது என்று பாருங்கள். பேசும்போது மைலேஜ் எண், இரண்டு பிஎன்ஆர், வேண்டிய விமானத்தின் எண், தேதி எல்லாம் எழுதி வைத்திருங்கள். ஏற்கெனவே காலியான சீட்டைத் தளத்தில் பார்த்து வைத்துக்கொண்டு அழைத்தால் வேலை சீக்கிரம் முடியும்.

பயணத்தைக் கைவிட நேர்ந்தால், விமானம் கிளம்பும் முன்பே ரத்து செய்துவிடுங்கள். வராமல் விட்டுவிட்டால் அபராதம் அதிகம், சில திட்டங்களில் மைலே போய்விடும். கிரிஸ்ஃபிளையரில் டிக்கெட்டுக்குப் பயன்படுத்திய மைலின் காலக்கெடு இடையில் முடிந்திருந்தால், ரத்து செய்தாலும் அந்த மைல் திரும்பி வராது. அப்படிப்பட்ட டிக்கெட்டை ரத்து செய்வதற்கு முன் தேதியை மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.