இத்தாலியனில் பதில் சொல்ல எந்த வினை? த்ரெக்கானி அகராதியோடு சில ஆண்டுகள்

இத்தாலியனில் மின்னஞ்சல் எழுதுவது என் அன்றாட வேலை. பல ஆண்டுகளாகப் பக்கத்திலேயே திறந்து வைத்திருப்பது த்ரெக்கானியின் இணைய அகராதி. ரோமில் 1925இல் தொடங்கிய கலைக்களஞ்சிய நிறுவனத்துடையது, கட்டணம் கிடையாது. விளக்கம் முழுக்க இத்தாலியனில்தான் இருக்கும் என்பதால், எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு இது கடினம்.

இதன் அருமை பதில் சொல்லும் வினைகளில் தெரியும். ‘ரிஸ்போந்தெரே’யை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ‘ஆ’ வந்தால் ஒருவருக்கோ கடிதத்துக்கோ பதில் தருவது. தமிழில் ‘-க்கு’ போடும் இடம், நமக்கு எளிது. அதே வினையோடு ‘தி’ வந்தால் பொறுப்பேற்பது: ‘நே ரிஸ்போந்தோ இயோ’ என்றால் ‘அதற்கு நான் பொறுப்பு’ (‘தி’யும் ‘அது’வும் சேர்ந்ததுதான் இங்கே ‘நே’). ஒப்பந்தம் பேசும் கடிதத்தில் இந்த ஓரெழுத்து வேறுபாடு பெரிய விஷயம். அம்மா பிள்ளையிடம் ‘நோன் ரிஸ்போந்தெரே!’ என்று அதட்டினால், எதிர்த்துப் பேசாதே என்று பொருள். பிரேக் பிடிக்காவிட்டாலும், மருந்துக்கு உடம்பு கேட்டாலும் இதே வினைதான்.

மற்றவை இவ்வளவு அகலமில்லை. ‘ரெப்ளிகாரே’ மறுப்புத் தொனி கொண்டது, அமைச்சர்கள் பேசும் செய்திகளில் அடிக்கடி வரும். நாடகம் மறுபடி மேடையேறுவதற்கும் அதுவே. ‘ரிபாத்தெரே’ இன்னும் காரம், டென்னிஸில் பந்தைத் திருப்பி அடிப்பதற்கும் பயன்படும். வாடிக்கையாளரின் புகாருக்குப் பதில் எழுதும்போது இந்த இரண்டையும் நான் தொடுவதில்லை. அங்கே ‘ரிஸ்கோன்த்ரோ’ என்ற பெயர்ச்சொல்லே பாந்தம்: ‘இன் அத்தேசா தி ஊன் சூவோ ரிஸ்கோன்த்ரோ’, தங்கள் பதிலை எதிர்பார்த்து.

‘ரெயாஜீரே’ வேறு வகை. செய்தி கேட்டு ஒருவர் கலங்குவது, அடிபட்டதும் துள்ளுவது, வேதிப்பொருள்கள் வினைபுரிவது எல்லாம் இதில் அடங்கும். கேள்விக்குப் பதில் சொன்னதை இதால் சொல்ல முடியாது. தன்மை ஒருமையில் (‘நான்’) ‘ரெயாஜிஸ்கோ’ என்று நடுவில் ‘இஸ்க்’ ஏறும். அகராதி அதைப் பதிவின் தலைப்பிலேயே காட்டிவிடுகிறது. ‘ரிஸ்போந்தெரே’யின் இறந்தகாலமான ‘ரிஸ்போசி’யும் அப்படியே அங்கு கிடைக்கும்.

எனக்கு மிகப் பிடித்தது ‘ரிஸ்போந்தெரே பெர் லே ரீமே’ என்ற வழக்கு. சரிக்குச் சரி பதிலடி கொடுப்பது. பழைய கவிஞர்கள் பாட்டால் வாதாடியபோது, எதிராளி வைத்த இயைபுகளிலேயே மறுபாட்டு எழுதினார்கள், அங்கிருந்து வந்தது. இதே தளத்தில் ஒருபொருட்சொற்களுக்குத் தனி அகராதியும் உண்டு. இரண்டு வினைகளுக்கு நடுவே தடுமாறும்போது முதலில் நான் திறப்பது அதைத்தான்.