டர்பனில் காயிலை எடுத்த அனுபவமும் அதற்குப் பின்னான மாதங்களும்

புரட்டாசியில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனபோது, கர்ப்பப்பைக்குள் வைத்திருந்த ஹார்மோன் காயிலை (கருத்தடைச் சாதனம்) எடுத்துவிட்டு லண்டன் திரும்பினேன். டர்பனில் யாரைப் பார்ப்பது, எவ்வளவு செலவாகும், எடுத்த பிறகு உடம்பு என்ன பாடுபடும் என்று தோழிகள் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஒன்று. காயில் கெட்டது, வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ரெண்டாவது குழந்தைக்குப் பிறகு எனக்கு மாதவிடாய் பொங்கிப் பொங்கி வந்தது, அதற்காகத்தான் வைத்தார்கள். அதிக ரத்தப்போக்குக்கு டாக்டர்கள் முதலில் சொல்லும் வைத்தியமே இதுதான். 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் அடங்கிய சின்ன டி வடிவப் பிளாஸ்டிக். ஆரம்பத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் வீதம் மருந்து கசிந்து கர்ப்பப்பையின் உள்சவ்வை மெலிதாக்கும், ரத்தப்போக்கு குறையும். என் அக்காவுக்கு இதை வைத்த பிறகுதான் ஹீமோகுளோபினே ஏறியது. எனக்கும் ரத்தப்போக்கு நின்றது. வேறு தொல்லைகள் வந்தன.

முதல் மூன்று, ஆறு மாதம் சொட்டுச் சொட்டாகத் தீட்டு படும் என்று சொல்லியிருந்தார்கள், அது அப்படியே நடந்தது. தாடையோரம் கட்டி கட்டியாகப் பரு, தொட்டாலே வலிக்கும் மார்பு, குளித்து முடித்தால் வடிகாலை அடைக்கும் அளவு முடி, எல்லாவற்றுக்கும் மேலே காரணமே இல்லாமல் மனசு கீழே இறங்கிக் கிடந்தது, இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. ஒரு கிளினிக்கில் கேட்டால், மருந்து கர்ப்பப்பையிலேயே நின்றுவிடும், ரத்தத்தில் கலக்காது, இன்னும் கொஞ்ச மாதம் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கலக்கும். கருத்தடை மாத்திரையைவிடக் குறைவாகக் கலக்கும், அவ்வளவுதான். பெட்டியோடு வரும் தாளிலேயே தலைவலி, பரு, மார்பு வலி, மனச்சோர்வு எல்லாம் பக்கவிளைவுகளாகப் போட்டிருக்கிறது. டென்மார்க்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்து 2016இல் வெளியான ஆய்வில், ஹார்மோன் காயில் வைத்தவர்கள் முதல் முறையாக மனச்சோர்வு மாத்திரை தொடங்குவது, ஹார்மோன் கருத்தடை எதுவும் எடுக்காதவர்களைவிட அதிகமாக இருந்தது. இதை வைத்து எனக்கு வந்ததும் காயிலால்தான் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரு பெண் வந்து சொல்லும்போது காது கொடுத்துக் கேட்க இது போதாதா?

டர்பனில் தனியார் மகப்பேறு டாக்டரைப் பார்க்கப் பெரும்பாலும் வேறு டாக்டரின் கடிதம் தேவையில்லை, நேராகப் போன் செய்து நேரம் வாங்கலாம். நான் முதலில் கூப்பிட்ட இடத்தில், வைத்த டாக்டரிடமிருந்து கடிதம் கொண்டுவா, காலம் முடியவில்லையே ஏன் எடுக்கிறாய் என்று ரிசப்ஷனிலேயே விசாரணை. எடுக்கச் சொல்ல நீங்கள் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எட்டு வருஷம் வேலை செய்யும் காயில் என்றால் எட்டு வருஷம் வைத்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

அப்புறம் அம்மா கோவிலில் விசாரித்து ஒரு பெண் டாக்டரைப் பிடித்தார். (அப்பா நாதஸ்வரக்காரர், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கோவில் வேலைக்காக டர்பன் வந்தவர், அதனால் எங்கள் வீட்டில் எந்தச் சிக்கலுக்கும் முதல் விசாரணை கோவிலில்தான்.) அதே வாரம் நேரம் கிடைத்தது. எனக்கு அங்கே மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இல்லை, கையிலிருந்து கட்டினேன். டாக்டர் ஃபீஸ், சோனார் (ஸ்கேன்), எடுப்பது எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ராண்டுக்குள் முடிந்தது, ரத்தப் பரிசோதனைக்கு லேபில் தனியாகக் கட்ட வேண்டும். போனிலேயே மொத்தத் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள், இடத்துக்கு இடம் மாறும்.

அந்த டாக்டர் செய்த வரிசைதான் எனக்குப் பிடித்தது. முதலில் முழுக்கப் பேசவிட்டார். அப்புறம், கடைசி ஏழு நாளில் கணவரோடு இருந்தாயா என்று கேட்டார். விந்தணு உள்ளே சில நாள் உயிரோடு இருக்கும், அந்த நேரத்தில் காயிலை எடுத்தால் கர்ப்பம் தங்கலாம், அதனால் எடுப்பதற்கு ஏழு நாள் முன்பிருந்தே ஆணுறை வேண்டும். என் கணவர் லண்டனில் இருந்ததால் அந்தக் கவலை இல்லை. முடி கொட்டுவதையும் அசதியையும் காயில் தலையில் மட்டும் போடாமல் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொன்னார். தைராய்டு சரியாக இருந்தது, ஃபெரிட்டின் அடிமட்டத்தில் கிடந்தது. தீட்டே நின்ற பிறகும் பழைய இழப்பை உடம்பு ஈடுகட்டவில்லை. இதை எனக்கு அதுவரை யாரும் பார்க்கவே இல்லை. சோனாரில் காயில் சரியான இடத்தில் இருந்தது, ஒரு பக்கச் சினைப்பையில் சின்ன நீர்க்கட்டி. இந்தக் காயிலோடு அது வருவதுண்டு, பெரும்பாலும் தானே கரையும் என்றார்.

எடுப்பது நிமிஷ வேலை. இருமு என்றார், இருமினேன், இடுக்கியால் நூலைப் பிடித்து இழுத்தார், அடிவயிற்றில் ஒரு சுரீர், முடிந்தது. தட்டில் வைத்துக் காட்டினார். நீளமும் அகலமும் 32 மில்லிமீட்டர், வெளியே வரும்போது மடங்கிய கைகள் மறுபடி விரிந்து டி மாதிரி நின்றன. சிலருக்குத் தலை சுற்றும் என்று கொஞ்ச நேரம் படுக்க வைத்தார்கள். நூல் தென்படாவிட்டால் சின்னக் கொக்கி போன்ற கருவியால் எடுப்பார்கள், அபூர்வமாக மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டிவரும். வீட்டில் நீங்களே இழுத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

காசு கட்ட முடியாதவர்களுக்கு அரசு கிளினிக் இருக்கிறது, தென்னாப்பிரிக்காவில் அங்கே குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவை இலவசம். பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் மகள் அங்கேதான் எடுத்துக்கொண்டாள். காலையில் சீக்கிரம் போய் வரிசையில் நிற்க வேண்டும், நர்ஸ் சிஸ்டரே எடுத்துவிட்டார்.

இனி எடுத்த பிறகு. மருந்து சில நாளிலேயே ரத்தத்திலிருந்து இறங்கிவிடும், உடம்பும் மனசும் அந்த வேகத்தில் வருவதில்லை. முதல் சில நாள் லேசான தீட்டு. பிறகு கொஞ்ச நாள் அழுகையும் எரிச்சலும் தூக்கமின்மையுமாகப் போனது. இணையத்தில் பெண்கள் இதை மிரீனா கிராஷ் என்கிறார்கள், மிரீனா என்பது இந்தக் காயிலின் பிராண்ட் பெயர். பாடப் புத்தகத்தில் அப்படி ஒரு நோயில்லை, ஆனால் நிறைய பேர் சொல்வதைக் கேட்கிறேன், மனசு ரொம்ப இறங்கினால் காத்திருக்காமல் கூப்பிடு என்றார் டாக்டர். பரு முதலில் அடங்கியது, அப்புறம் மனசு. முடிதான் கடைசி. வேர் ஓய்வுக்குப் போய் மூன்று மாதம் கழித்துத்தான் உதிரும் என்பதால் எடுத்த பிறகும் சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது, இப்போது நெற்றியோரம் குட்டை முடி குத்திக்கொண்டு நிற்கிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்: எந்தத் தொல்லைக்காகக் காயில் வைத்தீர்களோ அது திரும்பி வரலாம். முதல் மாதவிடாய் பழைய வெள்ளமாகவே வந்தது. நல்லவேளை, டாக்டர் முன்கூட்டியே ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்ஸாமிக் அமில மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார், தீட்டு அதிகமான நாட்களில் மட்டும் போடுவது. அந்த ஏற்பாடு இல்லாமல் எடுக்கக் கூடாது, அதுவும் ஃபெரிட்டின் குறைந்தவர்கள். இன்னொன்று, கருத்தரிக்கும் சக்தி உடனே திரும்பிவிடும். "ஊசி போட்டவளுக்கெல்லாம் வருஷம் ஆச்சே, உனக்கு என்னடி அவசரம்" என்றார் அம்மா. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசிக்குத்தான் அந்தத் தாமதம், காயிலுக்கு இல்லை.

புரட்டாசி என்பதால் வீட்டில் கறி, மீன் இல்லை. அம்மா வெஸ்ட்கிளிஃப் பங்களாதேஷ் மார்க்கெட்டில் முருங்கைக் கீரையும் முளைக்கீரையுமாக வாங்கிக் குவித்து, கீரை போதும், இரும்பு மாத்திரை வயிற்றைக் கட்டும் என்றார். அவ்வளவு கீழே போன ஃபெரிட்டினைக் கீரை மட்டும் தூக்காது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரும்பு மாத்திரை, கூடவே ஆரஞ்சு, அதன் முன்னும் பின்னும் டீ கிடையாது. எங்கள் வீட்டில் டீ இல்லாமல் இருப்பதுதான் கஷ்டமான பகுதி.

காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், குறையாத வயிற்று வலி, மணிக்கு ஒரு பேட் நனையும் ரத்தம், இதில் எது வந்தாலும் அன்றே போய்ப் பாருங்கள். கிளம்பும் முன் எடுத்த தேதி, சோனார், ரத்த ரிப்போர்ட் எல்லாம் போட்டு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். லண்டனில் என் ஃபைலில் காயில் இன்னும் உள்ளே இருப்பதாகவே இருந்தது, டர்பன் கடிதத்தைக் காட்டிய பிறகுதான் இரும்பு மாத்திரையைத் தொடர்ந்து எழுதித் தந்தார்கள், ஃபெரிட்டினை மறுபடி பார்க்கவும் தேதி கொடுத்தார்கள்.