டெஃப்செல் வயர்: என் கிளைடரில் இரண்டு சீசன் ஓடிய பிறகு

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மதியம். எஞ்சின் இல்லாத என் கிளைடர் விமானத்தில், 900 மீட்டர் உயரத்தில், மேலெழும் வெப்பக் காற்றான தெர்மலில் சுற்றிக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் கருகும் வாடை. கை உடனே மாஸ்டர் ஸ்விட்சுக்குப் போனது. ரேடியோ அடங்கியது, ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் வேரியோ அடங்கியது, புகை மட்டும் அடங்கவில்லை. தோளுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தது. பெல்ட் போட்டபடி பேட்டரியை எட்ட வழியில்லை. கேனபியின் (தலைக்கு மேலுள்ள கண்ணாடி போன்ற மூடி) ஜன்னலைத் திறந்துவிட்டு, ஏர்பிரேக்கை முழுதாக இழுத்து இறங்கினேன்.

தரையில் பிரித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஃபியூஸ்கள் எல்லாம் பேனலில் இருந்தன. பேட்டரியிலிருந்து பேனல் வரைக்குமான பிவிசி வயருக்கு எந்தக் காவலும் இல்லை. அந்த இணை வயர் இருக்கைக்குப் பின்னால் ஓர் உலோகத் தாங்கியின் விளிம்பில் உரசி, பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டின் தோலும் தேய்ந்துபோயிருந்தது. 7 ஆம்பியர்-அவர் பேட்டரிதானே என்று நினைக்கக் கூடாது. ஷார்ட் ஆனால் அதுவே நூறு ஆம்பியருக்கு மேல் தள்ளும். வயர் தானாக எரிந்து அறுந்ததால் பிழைத்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் முழு வயரிங்கையும் பிடுங்கிவிட்டு, விமானங்களுக்கென்றே வரும் டெஃப்செல் வயரைப் போட்டேன். எம்22759/16 என்று வயர் மேலேயே அச்சிட்டிருக்கும். வெள்ளீயம் பூசிய செம்பு இழைகள், மேலே இ.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக் உறை, 150 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், 600 வோல்ட். 12 வோல்ட் கிளைடருக்கு 600 வோல்ட் எதற்கு என்று கேட்கலாம். எனக்கு வேண்டியது வோல்ட் அல்ல, அந்த உறைதான். மெல்லியதாக இருந்தும் உரசலுக்கு லேசில் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு துண்டை வெட்டித் தீக்குச்சியில் காட்டினேன். தீயை எடுத்ததும் அணைந்துவிட்டது. பழைய பிவிசி துண்டு கரும்புகை விட்டுக் கண்ணை எரித்தது. மூடிய கேனபிக்குள் அதைச் சுவாசித்தவன் என்பதால் இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே கூடுதல் விலை எனக்குச் சம்மதம்.

குறை இல்லாமல் இல்லை. உறை வழுக்கும், விறைப்பாக இருக்கும். சாதாரண ஸ்ட்ரிப்பரால் உரித்தால் நழுவும், இல்லையென்றால் உள்ளே இரண்டு மூன்று இழைகளை வெட்டிவிடும். முதல் நாள் உரித்த முனைகளில் பாதியைத் தூக்கிப் போட்டேன். ஒவ்வொரு கேஜுக்கும் (வயரின் தடிமன் எண், எண் சிறிதானால் வயர் தடிமன்) அளவான குழி வெட்டிய பிளேடு உள்ள ஸ்ட்ரிப்பர் கட்டாயம் வேண்டும். அதோடு, நான் வாங்கியது முழுக்க வெள்ளை நிறம். எது எங்கே போகிறது என்று இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டி, மேலே சூடாக்கினால் சுருங்கி இறுகும், கண்ணாடி போன்ற ஹீட்ஷ்ரிங்க் குழாய் போட வேண்டியிருந்தது. அலுப்பான வேலைதான், ஆனால் இப்போது எந்த வயரைத் தொட்டாலும் அதன் பெயர் தெரிகிறது.

வயரைவிட அதிகம் யோசித்து வாங்கியது, டெர்மினலை வயர் முனையில் அழுத்தி இறுக்கும் ராட்செட் கிரிம்பிங் கருவி. முழுதாக அழுத்தி முடிக்கும்வரை அது பிடியை விடாது, அதனால் அரைகுறைக் கிரிம்ப் விழாது. முன்பு நான் எல்லாவற்றையும் சோல்டர் செய்பவன். ஈயம் இழைகளுக்குள் ஏறி நிற்கும் இடத்தில் வயர் விறைத்துப்போகிறது. என் கிளைடரில் கேனபியோடு சேர்ந்து பேனலும் மேலே எழும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வயர்கள் வளையும். பழைய வயரிங்கில் ரேடியோ வயர் சரியாக அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் இற்றுப்போயிருந்தது.

கேஜ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 22 கேஜ் வயர் மீட்டருக்குச் சுமார் 0.053 ஓம். பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் 3 மீட்டர் என்றால் போக வர 6 மீட்டர். பேசும்போது ரேடியோ 2 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 0.6 வோல்ட் போய்விடும். மாலையில் பேட்டரி இறங்கியிருக்கும் நேரத்தில் என் குரல் உடைந்து கேட்கிறது என்று நண்பர்கள் சொல்லிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் இதுதான். ரேடியோவுக்கு 18 கேஜ் போட்டேன், இழப்பு கால் வோல்ட்டாகக் குறைந்தது. வேரியோவுக்கும், மோதல் எச்சரிக்கைக் கருவியான ஃபிளார்முக்கும் 22 தாராளம். ஃபைபர் உடம்பு என்பதால் உடம்பையே நெகட்டிவாகப் பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு கருவிக்கும் தனி நெகட்டிவ் வயர் இழுத்து ஒரே பஸ் பாரில் (பொதுவான உலோகப் பட்டை) சேர்த்தேன். திசைகாட்டிக்குப் பக்கத்தில் போகும் ஜோடிகளை முறுக்கிவிட்டதில் ஊசி இப்போது அசைவதில்லை.

ஆனால் இந்த வயரை மட்டும் வாங்கி மாட்டிவிட்டுப் பழைய இடத்திலேயே ஃபியூஸை வைத்தால் காசு வீண். ஃபியூஸ் காப்பது வயரை, கருவியை அல்ல. என்னுடையது இப்போது பேட்டரி முனையிலிருந்து ஒரு விரல் நீளத்தில் இருக்கிறது. உரசிய இடத்தில் குரோமெட் என்ற ரப்பர் காப்பு வளையம். சுக்கான் கேபிள் பக்கம் எந்த வயரும் போகவில்லை. எல்லாவற்றையும் ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பறந்தேன்.

இரண்டு சீசன் முடிந்து போன வாரம் பேனலைத் திறந்தேன். கீல் பக்கத்தில் வளையும் இடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உறையில் கீறல் இல்லை, டெர்மினல்களை இழுத்துப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. மிச்சம் கிடந்த சுருளைக் கிளப்பின் இரட்டை இருக்கை கிளைடருக்குக் கொடுத்துவிட்டேன். அதில் ஃபியூஸ் இன்னும் பேனலில்தான் இருக்கிறது.