நைட்ரைடிங் செய்த ஷாஃப்டுகள்: பல வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

கோவையில் எங்களுடையது சின்ன ஜாப் ஒர்க் பட்டறை. ஸ்பிண்டில், கைடு பின், ஸ்லீவ் மாதிரியான வேலைகள்தான் அதிகம். முன்பு எல்லாவற்றையும் மேல்தோலைக் கடினமாக்க கார்புரைசிங்குக்கு, அதாவது சூட்டில் கார்பனை ஏற்றும் கேஸ் ஹார்டனிங்குக்கு, அனுப்பிக்கொண்டிருந்தோம். இப்போது பாதிக்கு மேல் வாயு நைட்ரைடிங், அதாவது மேல்தோலில் நைட்ரஜனை ஏற்றிக் கடினமாக்குவது.

மாறியதற்குக் காரணம் வளைவு. கார்புரைசிங்கில் 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி எண்ணெயில் போடுகிறார்கள். நீளமான ஷாஃப்ட் அதில் நேராகத் திரும்பி வந்தால் அதிசயம். பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தி, விட்டு வைத்த மெட்டலைக் கிரைண்டிங்கில் எடுத்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நைட்ரைடிங் 500 முதல் 530 டிகிரிக்குள், அம்மோனியா வாயுவில் நடக்கிறது. எண்ணெயில் தணிப்பது கிடையாது. அதனால் ஃபினிஷ் கிரைண்டிங் செய்தே அனுப்பலாம். விட்டம் 10, 20 மைக்ரான் வளரும், அதை முதலிலேயே கழித்துக்கொள்கிறோம். ஆனால் ரஃப் டர்னிங் முடிந்ததும் ஸ்ட்ரெஸ் ரிலீவ் (சூடாக்கி உள்ளே தங்கிய இறுக்கத்தை நீக்குவது) செய்தே ஆக வேண்டும். அந்தக் காசை மிச்சம் பிடித்தால் இதிலும் வளையும்.

எந்த மெட்டீரியல் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நைட்ரஜனோடு சேர்ந்து கடினத்தைக் கொடுப்பது குரோமியம், மாலிப்டினம், அலுமினியம் போன்றவை. சாதா மைல்டு ஸ்டீலில் அவை இல்லை, ஃபர்னஸில் எத்தனை நேரம் கிடந்தாலும் பெரிதாக ஏறாது. இஎன்19 என்ற அலாய் ஸ்டீல் என்றால் கடினம் 600 விக்கர்ஸைத் (கடினத்தை அளக்கும் ஸ்கேல்) தாண்டும். அலுமினியம் சேர்ந்த இஎன்41பி 1000 வரை போகும். அரத்தை வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும், மங்கிய சாம்பல் நிறத்தில் கீறல்கூட விழாது.

இனி தகராறு வருகிற இடம். இரண்டு நாள் ஃபர்னஸில் கிடந்தும் கடினப் பகுதியின் ஆழம் ஏறக்குறைய 0.4 மி.மீ.தான். ஒரு கம்பெனியின் இன்ஸ்பெக்‌ஷனில் ராக்வெல் சி ஸ்கேலில் அடித்துப் பார்த்து, ஹார்ட்னஸ் இல்லை என்று லாட்டையே திருப்பி அனுப்பினார்கள். அந்த ஸ்கேலின் 150 கிலோ லோடில் குத்தினால் மெல்லிய தோலோடு சேர்ந்து அடியில் இருக்கும் மென்மையான உள்பகுதியும் அமுங்கும், ரீடிங் குறைவாகத்தான் காட்டும். அதே பேட்சில் போட்ட டெஸ்ட் துண்டை அறுத்து, 1 கிலோ லோடில் விக்கர்ஸ் எடுத்துக் காட்டிய பிறகுதான் பில் பாஸ் ஆனது. அப்புறம் எங்கள் டிராயிங் எல்லாவற்றிலும் விக்கர்ஸ் என்றே எழுதிவிடுகிறோம்.

மேலே ஒரு வெள்ளை அடுக்கு உருவாகும், சில மைக்ரான் தடிமன். கடினம்தான், ஆனால் நொறுங்கும். கூர்மையான விளிம்புகளில் முதலில் அதுதான் பெயரும். எல்லா மூலைக்கும் ரேடியஸ் கொடுத்த பிறகு அந்தப் புகார் குறைந்தது. ஸ்லீவுக்குள் ஓடும் கைடு பின்களுக்கு இதை விட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. கழற்றிப் பார்க்கும்போது பளபளப்பு ஏறியிருக்கும், தேய்மானம் மைக்ரோமீட்டரில் பிடிபடுவதே சிரமம். இடிபடும் கியருக்கு மட்டும் வேண்டாம், அந்தத் தோல் தாங்காது. அங்கே இன்றும் கார்புரைசிங்தான்.

316 ஸ்டெயின்லெஸ் ஷாஃப்டையும் இதே வெப்பத்தில் செய்து தரச் சொல்லி வருகிறார்கள். குரோமியம் நைட்ரைடாக மாறிவிட்டால் துருவைத் தடுக்க எது மிச்சம்? தண்ணீரில் ஓடும் பம்பு என்றால் அந்த ஆர்டரை நாங்கள் எடுப்பதில்லை.