கலங்கூட்டா, பெனாலிமா? அம்மாவோடு கோவா போகிறவர்களுக்கு

இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை கோவா போய் வந்தோம். முதல் தடவை வடக்கே கலங்கூட்டில், நீச்சல் குளம் வைத்த ஒரு சின்ன ஹோட்டல். அடுத்த தடவை தெற்கே பெனாலிமில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் அடுப்படியோடு ஓர் அறை. நான், வீட்டுக்காரர், பன்னிரண்டு வயதுப் பையன், முட்டிவலியோடு அம்மா. மும்பையில் செம்பூர், மாட்டுங்கா பக்கமிருந்து கிளம்பும் நம்மவர்களில் பலருக்கும் இதே கூட்டணிதான் என்பதால் எழுதுகிறேன். நான் பெனாலிம் கட்சி, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கடலும் வெயிலும் இரண்டு இடத்திலும் உண்டு, அறைச் சுத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை வாடகை கண்டபடி ஏறும், அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். கலங்கூட்டில் நாளுக்கு 2,200, அதற்குமேல் வரி. (7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 5 ஆகிவிட்டது, பில்லைப் பார்த்து வாங்குங்கள்.) பெனாலிமில் 1,900. எங்கள் பட்ஜெட்டைக் கவிழ்த்தது இந்த முந்நூறு ரூபாய் இல்லை, டாக்ஸி.

மும்பையில் தெருமுனையில் கையை நீட்டினால் ஆட்டோக்காரர் மீட்டரைப் போட்டுவிடுவார். அந்தப் பழக்கத்தில் போய் இறங்கினால் கலங்கூட்டில் ஓலாவும் இல்லை, ஊபரும் இல்லை. கொங்கண் கன்யா ரயிலில் தாதரில் ஏறிப் படுத்தால் காலையில் திவிம் ஸ்டேஷன், அங்கிருந்து இருபது கிலோமீட்டர் போல வரும், டாக்ஸிக்கு 1,000 கொடுத்தோம். 'கடற்கரை ஐந்தே நிமிடம்' என்று ஹோட்டல்காரர்கள் போட்டிருந்தது ஸ்கூட்டருக்கு. நடந்தால் இருபது நிமிடம், அதுவும் ஓரமாக நடக்கவே இடமில்லாத ரோட்டில். ஸ்கூட்டர் எடுங்கள் என்றார்கள், எடுத்தோம், நாளுக்கு 450. (கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் வாடகை வண்டி. வெள்ளைப் பலகை வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்தால் போலீஸிடம் மாட்டுவீர்கள்.) ஆனால் ஒரு ஸ்கூட்டரில் நாலு பேர் எப்படிப் போவது? அம்மா அதில் ஏறவே மாட்டாள். அவளுக்காகப் போக ஒரு டாக்ஸி, வர ஒரு டாக்ஸி, பக்கத்து இடத்துக்கே 300, 400. நாலு நாளில் டாக்ஸிக்கு மட்டும் 5,600 போனது, இரண்டரை நாள் அறை வாடகை. பணம்கூடப் போகட்டும், மூன்றாம் நாள் காலையில் "நீங்க போயிட்டு வாங்க, நான் படுத்துக்கறேன்" என்றாள் அம்மா. முட்டிவலி இல்லை, செலவைப் பார்த்துச் சொன்னது. கடல் பார்க்க வந்தவள் பால்கனிக் கம்பியில் காயும் யார் யாருடைய டவல்களையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெனாலிம் மட்காவ் ஸ்டேஷனிலிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான். ஆட்டோவுக்கு 300 ஆனது, மட்காவ் மார்க்கெட் போய்வர பஸ்ஸே போதும். அறையிலிருந்து தென்னைமரங்களுக்கு நடுவே கடலுக்கு ஏழு நிமிட நடை, அம்மா நடையில் பன்னிரண்டு. இரண்டாம் நாளே செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டாள், எங்களிடம் சொல்லக்கூட இல்லை! காலையில் சைக்கிளில் கூடையைக் கட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டே பொதேர் வருவார், ரொட்டிக்காரரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அவரிடம் வாங்குவது பொயி. மேலே தவிடு ஒட்டியிருக்கும், பிய்த்தால் உள்ளே வெறும் கூடு. "பொய்னு சரியாத்தான் பேர் வெச்சிருக்கான், உள்ள ஒண்ணுமே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே வீட்டிலிருந்து கொண்டுபோன தக்காளித் தொக்கை அதற்குள் அடைத்து இரண்டு சாப்பிட்டாள். மதியம் ரசம் சாதம் எங்கள் அடுப்பிலேயே. ஒன்று, மத்தியான நேரத்தில் கடைகள் பாதி மூடிவிடும், கொத்தமல்லி வேண்டுமானால் அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. குளம் கிடையாது, பையன் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். ராத்திரி எட்டு மணிக்குமேல் தெருவில் நாய்கள்தான். நண்பர்களாகச் சேர்ந்து போகிறவர்கள், ஸ்கூட்டர் ஓட்டத் தயங்காதவர்கள், பக்கத்து பாகா கடற்கரையில் ஆட்டம் பாட்டம் வேண்டுமென்பவர்கள் கலங்கூட்டிலேயே தங்கலாம், தப்பே இல்லை. நான் இரண்டு தடவையும் போனது ஜனவரியில். மழைக்காலத்தில் கடற்கரையில் ஷாக் எனப்படும் குடில் சாப்பாட்டுக் கடைகளைப் பிரித்துவிடுவார்கள், கடலிலும் இறங்க முடியாது, அப்போது குளம் உள்ள ஹோட்டல் மேலாக இருக்கலாம். இன்னும் தெற்கே பாலோலெம் கடற்கரையில் தங்குவதற்கு விடும் குடிசைகளைப் பகலில் எட்டிப் பார்த்ததோடு சரி, தங்கிப் பார்க்கவில்லை.

வருகிற ஜனவரிக்கும் பெனாலிம் வீட்டுக்கார ஆன்ட்டிக்கு போன் போட்டாயிற்று. கலங்கூட்டுக்கு ஒருநாள் கூட்டிப்போவதாகப் பையனிடம் ஒப்பந்தம். அம்மா இட்லித் தட்டை இப்போதே பரணிலிருந்து இறக்கி வைத்துவிட்டாள்.